சொல்வது பூனை, பார்ப்பது குழந்தை: சிறுவர் வேடிக்கைப் பாடலில் முரண்நகை

கேள்வி: சிறுவர்களுக்கு வேடிக்கைப் பாடல்கள் எழுதி வருகிறேன். முரண்நகை, அதாவது சொல்வதும் உண்மையும் முரணாக நிற்பதால் பிறக்கும் சிரிப்பு, கலந்து எழுதினால், "குழந்தைகளுக்கு அதெல்லாம் புரியாது, சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள்" என்கிறார்கள். பொய் சொல்லும் பாத்திரம் தண்டனை இல்லாமல் தப்பித்தால் தப்பான பாடமாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். குழந்தைப் பாடலில் முரண்நகையைக் கையாள முடியுமா? எப்படிக் கையாள்வது?

பதில்:

தாராளமாகக் கையாளலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எழுதலாம். எந்த வகை முரண்நகை, அதற்கான ஆதாரம் பாட்டில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறவர் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"புரியாது" என்று சொல்பவர்கள் மனத்தில் இருப்பது சொல்லில் மட்டுமே இருக்கும் முரண்நகை. கை தவறிக் கண்ணாடிக் குவளையை உடைத்த பிள்ளையிடம், "ஆகா, எவ்வளவு நல்ல வேலை செய்திருக்கிறாய்!" என்று பெரியவர் சொல்கிறாரே, அது. அதைப் புரிந்துகொள்ள, அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நான் நம்பவில்லை என்பது உனக்கும் தெரியட்டும் என்றுதான் அவர் அப்படிச் சொல்கிறார் என்பதும் பிடிபட வேண்டும். இரண்டாவது படி இல்லாவிட்டால் அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் வெறும் பொய்யாகவோ, நிஜமான பாராட்டாகவோதான் விழும். பொதுவாக ஆறு, ஏழு வயதுக்கு மேல்தான் இது பிடிபடத் தொடங்குகிறது. அதன்பிறகும் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல முதிர்கிறது. அந்த அளவில் அவர்கள் சொல்வது சரிதான்.

ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று கேட்பவருக்குத் தெரிந்திருப்பது. அல்லது, பாத்திரம் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது கேட்பவர் கண்ணுக்கு முன்னாலேயே இருப்பது. இது மிக முன்னதாகவே வந்துவிடுகிறது. 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் முதலில் எங்கே தேடுவான் என்பதுதான் பிள்ளைகளிடம் கேட்கப்பட்ட கேள்வி. மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். நான்கைந்து வயதில் நிலைமை மாறுகிறது. அவனுக்கு மாற்றியது தெரியாது, அதனால் பழைய இடத்தில்தான் தேடுவான் என்று சொல்லத் தொடங்குகிறார்கள். உளவியலுக்கு இது மனத்தைப் பற்றிய ஒரு சோதனை. பாட்டெழுதுகிறவருக்கோ இது ஒரு நல்ல செய்தி. "அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்ற நினைப்பு வந்துவிட்ட பிள்ளை முரண்நகைக்குத் தயார்.

அந்த நினைப்பில் இருக்கும் மகிழ்ச்சியை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம். வீட்டிலும் பள்ளியிலும் குழந்தைதான் எப்போதும் குறைவாகத் தெரிந்தவர். எல்லாம் தெரிந்தவர்கள் சுற்றிலும் நின்று விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பாட்டு வந்து, "இதோ இந்தப் பூனையைவிட, இந்த வாத்தியாரைவிட, இந்த ராஜாவைவிட உனக்கு அதிகம் தெரியும்" என்று ஒரு நிமிடம் இடம் மாற்றிக் கொடுத்தால் பிள்ளை துள்ளாமல் என்ன செய்யும்? குழந்தைப் பாடலில் முரண்நகைக்கு நான் கேட்கும் ஒரே நிபந்தனை இதுதான். உண்மை தெரிந்த இடத்தில் குழந்தை நிற்க வேண்டும், ஏமாறுகிற இடத்தில் பாட்டுக்குள் இருக்கும் யாரோ நிற்க வேண்டும். எழுதுகிறவர் தன்னையும் மற்ற பெரியவர்களையும் மேலே வைத்துக்கொண்டு குழந்தையைக் கீழே வைத்துச் சிரித்தால், நுட்பம் எவ்வளவு இருந்தாலும் அது குழந்தைப் பாடல் ஆகாது.

பேசிக்கொண்டே போவதைவிட ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

பானைப் பாலைக் குடித்ததார்?
பாட்டி வந்து கேட்டாளாம்;
பூனை எழுந்து சொன்னதாம்:
"புதிய திருடன் வந்தானோ!

காவல் நானே இருக்கிறேன்,
கவலை வேண்டாம், தூங்குங்கள்!"
தாவிப் போன பூனையின்
தாடை முழுதும் பால்நுரையாம்!

இதில் பூனை பொய் சொன்னது என்று எங்கேயும் இல்லை. திருடியது யார் என்றும் இல்லை. கடைசி அடியில் ஒரு பொருள் மட்டும் இருக்கிறது: நுரை. குழந்தை அந்த நுரையைப் பார்த்ததும் பின்னோக்கி ஓடி, "காவல் நானே இருக்கிறேன்" என்ற அடியைப் புதிதாகக் கேட்கிறது. முதலில் வீரமாக ஒலித்த அடி இப்போது சிரிப்பாகிவிடுகிறது. அந்தத் திரும்பிப் பார்த்தலைக் குழந்தை தானே செய்வதுதான் இந்தப் பாட்டின் உயிர்.

இதையே பலரும் எழுதும் முறையில் முடித்துப் பாருங்கள். "பொய்யைச் சொன்ன பூனையும் வெட்கித் தலையைக் குனிந்ததாம்" என்று எட்டாவது அடி வந்தால் என்ன ஆகும்? குழந்தை செய்ய வேண்டிய வேலையைப் பாட்டு செய்துவிடுகிறது. கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. முதல் அடியிலேயே "கள்ளப் பூனை" என்று அடைமொழி போட்டுவிடுவது. தீர்ப்பை முன்னாலேயே எழுதிவிட்டால் பிறகு பூனை என்ன பேசினாலும் அதில் முரண் இல்லை. முரண்நகை வேண்டுமானால் பூனையை அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறபடியே மரியாதையாக நடத்துங்கள். நுரையை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுங்கள்.

ஆதாரம் எப்போதும் பொருளாக இருக்கட்டும். தாடையில் நுரை, சட்டைப்பையில் இறகு, சேற்றில் காலடித் தடம் என்று பார்க்கவோ தொடவோ எண்ணவோ கூடியதாக இருக்கட்டும். தொனியை மட்டும் நம்பி எழுதிய முரண்நகை, பாட்டை வாசிப்பவர் தொனியைத் தவறவிட்ட உடனே செத்துப்போகும். பொருளை நம்பி எழுதியது யார் எப்படி வாசித்தாலும் பிழைக்கும்.

இதற்கு மிக நல்ல சாட்சி ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோலின் முதலைப் பாட்டு. 1715-இல் ஐசக் வாட்ஸ் என்ற ஆங்கிலேய சமயப் போதகர் குழந்தைகளுக்காக வெளியிட்ட பாடல்களில் ஒன்று தேனீயைப் புகழ்வது. சின்னத் தேனீ ஒவ்வொரு நொடியையும் எவ்வளவு அழகாகப் பயன்படுத்துகிறது, பூப்பூவாகப் போய்த் தேன் சேர்க்கிறது, நீயும் அப்படிச் சுறுசுறுப்பாக இரு என்பது அதன் சாரம். நூறாண்டுக்கும் மேல் ஆங்கிலேயப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். 1865-இல் வந்த கரோலின் ஆலிஸ் கதையில், தான் இன்னும் பழைய ஆலிஸ்தானா என்று சோதித்துப் பார்க்க அந்தச் சிறுமி அதே பாட்டைச் சொல்லிப் பார்க்கிறாள். வாயைத் திறந்தால் தேனீக்குப் பதில் முதலை வருகிறது. தன் பளபளக்கும் வாலை முதலை எவ்வளவு அழகாக மெருகேற்றுகிறது, நைல் நதியின் நீரை ஒவ்வொரு பொற்செதிளிலும் ஊற்றுகிறது, எவ்வளவு உற்சாகமாகச் சிரிக்கிறது, நகங்களை எவ்வளவு நேர்த்தியாக விரிக்கிறது, மென்மையாகப் புன்னகைக்கும் தாடைகளுக்குள் சின்ன மீன்களை எப்படி அன்போடு வரவேற்கிறது!

இது பகடி என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. வாட்ஸின் தேனீப் பாட்டை இன்று எந்தக் குழந்தையும் ஒப்பிப்பதில்லை. மூலம் மறந்தால் பகடி சாக வேண்டும், அதுதான் வழக்கம். முதலை மட்டும் சாகவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டுக்குள் இரண்டு முரண்கள் இருக்கின்றன. ஒன்று தேனீப் பாட்டோடு உள்ள முரண். அது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். இன்னொன்று "அன்போடு வரவேற்கிறது" என்ற சொல்லுக்கும் "தாடைகள்" என்ற பொருளுக்கும் நடுவே உள்ள முரண். அது எந்தக் காலத்துப் பிள்ளைக்கும் உரியது. மீனை வரவேற்பது எது என்று பார்த்த கணத்தில் அந்த இனிமையான சொற்களெல்லாம் பல்லைக் காட்டுகின்றன. நீங்கள் பகடி எழுதினால் இந்த இரண்டாவது அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைக்குத் தெரிந்த பாட்டையோ பழமொழியையோ புரட்டிப்போடுவது நல்ல விளையாட்டுதான். ஆனால் மூலம் தெரியாத பிள்ளைக்கும் அதில் சிரிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

கரோலின் இரண்டாவது ஆலிஸ் கதையில் (1871) வரும் வால்ரஸும் தச்சனும் பாட்டு இன்னும் ஆழமானது. வால்ரஸ் என்பது நீண்ட தந்தமுள்ள ஒரு கடல் விலங்கு. கடற்கரையில் உலாவ வரும் இருவரும் சிப்பிகளை "எங்களோடு கொஞ்சம் நடந்து வாருங்கள்" என்று கனிவோடு கூப்பிடுகிறார்கள். வயதில் மூத்த சிப்பி மட்டும் கண் சிமிட்டி, தலையை ஆட்டி, இடத்தை விட்டு நகர மறுக்கிறது. இளஞ்சிப்பிகள் ஆசையாகக் கிளம்புகின்றன. முகம் கழுவி, காலணியைத் துடைத்து, வரிசை வரிசையாகக் கரையேறுகின்றன. நடந்து களைத்தபின் வால்ரஸ் பேச்சைத் தொடங்குகிறது. நமக்கு முக்கியமாக வேண்டியது ஒரு ரொட்டி, கூடவே மிளகும் காடியும் இருந்தால் நல்லது என்கிறது. சிப்பிகளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. குழந்தைக்கோ ரொட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே, சில பிள்ளைகளுக்கு மூத்த சிப்பி தலையாட்டியபோதே, தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வருவதுதான் உச்சம். வால்ரஸ் சிப்பிகளுக்காக அழுகிறது. உங்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை என்கிறது. விம்மி விம்மி அழுதுகொண்டே அவற்றில் பெரிய பெரியவையாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறது. கண்ணீரும் நிஜம்போலத்தான் இருக்கிறது, பொறுக்கும் கையும் நிஜம். கரோல் இதோடு விடவில்லை. பாட்டு முடிந்ததும், கொஞ்சமாவது வருத்தப்பட்டதே, அதனால் வால்ரஸ்தான் மேல் என்கிறாள் ஆலிஸ். அது தச்சனைவிட அதிகம் தின்றது, எத்தனை எடுத்தது என்று தச்சன் எண்ண முடியாதபடி கைக்குட்டையை முன்னால் பிடித்துக்கொண்டது என்று அவளுக்குப் பதில் வருகிறது. அப்படியானால் தச்சன்தான் மேல் என்கிறாள். அவனும் கிடைத்த அளவுக்குத் தின்றான் என்று மறுபடி பதில் வருகிறது. ஆலிஸ் குழம்புகிறாள். அழுதுகொண்டே தின்பவன் மேலா, அழாமல் தின்பவன் மேலா? எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை விட்டுப் பாருங்கள். நன்னெறி வகுப்பில் வராத வாதம் வரும். வேடிக்கைப் பாட்டு என்றால் மேலோட்டமானது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

நம் மரபிலிருந்து வஞ்சப்புகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எதை எடுப்பது என்று பார்க்க வேண்டும். "தேவர் அனையர் கயவர்" என்று தொடங்கும் குறள் இந்த அணிக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. தேவர்களைப் போலவே கயவர்களும் தாம் விரும்பியபடியே செய்து நடப்பவர்கள் என்பது. படித்தவருக்கு அதில் எவ்வளவு கசப்பான சிரிப்பு! ஆனால் குழந்தைக்கு அது எட்டாது. காரணம், கண்ணால் பார்க்க அதில் எதுவும் இல்லை. இரண்டு கருத்துகளை எடைபோட்டால்தான் முரண் தெரியும்.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அப்படியல்ல. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் பாராட்டுவதுபோலச் சொல்கிறார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதன் பழந்தமிழ் ஒரு பிள்ளைக்குக் கடினம். ஆனால் கருத்தைக் கதையாகச் சொல்லி, "பளபளவென்று இருக்கும் வேல் ஒன்று, நுனி ஒடிந்த வேல் ஒன்று. இதில் போருக்குப் போனது எது?" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை பட்டென்று சொல்லிவிடும். புகழ்ச்சிக்குள் இருக்கும் குத்தல் அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். குறளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வேலின் நுனியில் இருக்கிறது. சிறுவர் பாடல் எழுதுகிறவர்கள் ஔவையாரிடம் கற்க வேண்டியது இதை.

புகழ்வதுபோலப் பழிப்பதைக் குழந்தை இலக்கியத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் வங்காளத்தின் சுகுமார் ராய். அவர் 1923 செப்டம்பரில் இறந்த சில நாட்களில் வெளிவந்த ஆபோல் தாபோல் தொகுப்பில், மாப்பிள்ளையைப் பற்றி ஒருவர் விசாரணை சொல்வதாக ஒரு பாட்டு உண்டு. நல்ல வரன், மோசமில்லை என்ற தோரணையில் தொடங்குகிறார். படிப்பா? விடாமுயற்சிக்காரன், மெட்ரிக் தேர்வில் பத்தொன்பது முறை அடிபட்ட பிறகுதான் நிறுத்தினான். சொத்து? வறுமைதான். உடன்பிறந்தவர்கள்? ஒருவன் பைத்தியம், ஒருவன் முரடன் என்று பட்டியல் நீள்கிறது. ஆனாலும் பெரிய இடம், கம்சனின் வம்சமாக்கும்! ஒவ்வொரு "ஆனாலும்" வரும்போதும் நிலைமை ஒரு படி மோசமாகிறது, சொல்பவரின் உற்சாகமோ ஒரு படி ஏறுகிறது. இரண்டும் எதிர்த்திசையில் ஓடுவதுதான் சிரிப்பு. பத்தொன்பது என்ற எண்ணையும் கவனியுங்கள். "பல முறை" என்று எழுதியிருந்தால் முரண் பாதியாகியிருக்கும். எண்ண முடிகிற ஆதாரம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மாப்பிள்ளையின் நிறத்தைக் குறையாகச் சொல்லும் வரியும் அந்தப் பாட்டில் இருக்கிறது. அந்தக் காலத்து வரி. இன்று எழுதுகிறவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெரியவர்களின் இரட்டை வேடம் பிள்ளைகளுக்குத் தினமும் கிடைக்கும் முரண்நகை. கத்தாதே என்று கத்துகிறவர்கள், பொறுமை வேண்டும் என்று பொறுமையில்லாமல் சொல்கிறவர்கள். பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், சொல்லத்தான் அனுமதி இல்லை. பாட்டில் சொல்லலாம்:

எட்டுத் திக்கும் அதிரவே
எங்கள் கழுதை வாத்தியார்
கட்டளை ஒன்று போட்டாராம்:
"கத்தக் கூடாது எவருமே!"

அமைதி பற்றி அரைநாளாய்
அவரே முழங்கித் தீர்த்தபின்,
இமைகள் நனைய மகிழ்ந்தாராம்:
"என்போல் அமைதி யார்க்குண்டு?"

கழுதையாக்கியது ஒரு சௌகரியம். எந்த ஆசிரியரையும் குறிக்காது, எல்லாப் பிள்ளைக்கும் ஒருவர் நினைவுக்கு வருவார். இங்கேயும் வாத்தியார் தன்னைப் பற்றி உண்மையாகவே பெருமைப்படுகிறார். அவர் பாசாங்கு செய்யவில்லை. பூனைக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அது. பூனைக்கு உண்மை தெரியும், மறைக்கிறது. கழுதைக்கு உண்மையே தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கழுதை வகை எளிது, பொய் பேசும் பூனை வகை அடுத்த படி. சொல்பவரே உண்மையை அறிந்து, கேட்பவருக்கும் அது தெரியட்டும் என்று தலைகீழாகப் பேசும் ராயின் வகை அதற்கும் மேல். ஒரே தொகுப்பில் மூன்றும் வரலாம். நாலு வயதுக்கான பக்கத்தில் மூன்றாவதை வைக்காமல் இருந்தால் போதும்.

தண்டனை விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு எழுதப்பட்ட பாடல்களில் பல எச்சரிக்கைப் பாட்டுகள்தான். கீழ்ப்படியாத பிள்ளைக்கு என்ன ஆயிற்று பார் என்பது. 1844-இல் பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் தன் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக நல்ல படப்புத்தகம் தேடிப் பார்த்துத் திருப்தியில்லாமல், வெற்று நோட்டு ஒன்றை வாங்கித் தானே எழுதி வரைந்தார். மறு ஆண்டு அது அச்சாகி உலகப் புகழ் பெற்றது. அதில் விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களைத் தையற்காரர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார். சூப் குடிக்க மாட்டேன் என்றவன் ஐந்தே நாளில் நூலாக இளைத்து இறந்துபோகிறான். மிரட்டலா, மிரட்டலை மிகைப்படுத்திச் சிரிப்பதா என்று அதைப் படிப்பவர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த ஐந்து நாள் கணக்கில் சிரிப்பும் அந்தக் கத்தரிக்கோலில் பயமும் தெரிகின்றன.

1907-இல் ஆங்கிலக் கவிஞர் ஹிலேர் பெல்லாக் அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. எச்சரிக்கைப் பாட்டின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதே கண்டிப்பான குரலில், தவறுக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லாமல் எழுதினார். தாதியின் கையை விட்டு ஓடிய ஜிம்மைச் சிங்கம் பாதத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. செய்தி கேட்ட அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கொன்றும் ஆச்சரியமில்லை, சொன்னதைக் கேட்டால்தானே" என்கிறாள். சிரிப்பு சிங்கத்தின் மேல் இல்லை, ஜிம் மேலும் இல்லை. பிள்ளையே போய்விட்ட பிறகும் "நான்தான் அப்போதே சொன்னேனே" என்ற பாட்டை விடாத பெரியவர்கள் மேல். பொய் சொல்லும் மடில்டாவின் அத்தை இன்னும் அருமை. சிறு வயதிலிருந்தே உண்மையை உயிராக மதித்தவள், மடில்டாவை நம்ப முயன்றாள், அந்த முயற்சியில் செத்தே போயிருப்பாள். பெல்லாக்கின் பிள்ளைகளில் பலர் கடுமையாகத் தண்டிக்கப்படுகிறார்கள், படிக்கும் பிள்ளையோ பயப்படாமல் சிரிக்கிறது. தண்டனை பாட்டில் இருப்பதால் ஒரு பாட்டு நல்லொழுக்கப் பாட்டாகிவிடாது. இல்லாததால் கெட்ட பாட்டாகிவிடவும் செய்யாது.

என் பூனைக்கு யாரும் தண்டனை தரவில்லை. ஆனால் அது மாட்டிக்கொள்ளாமல் இல்லை. பாட்டியிடம் தப்பித்தது, குழந்தையிடம் மாட்டிக்கொண்டது. "பூனைதான் குடிச்சுது!" என்று கத்தும் பிள்ளைக்குப் பொய் என்றால் என்ன, அது எப்படி வெளிப்படும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. நீதியை அடிக்கோடிட்டு எழுதிய பாட்டில் பிள்ளை தலையாட்டும், அவ்வளவுதான்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் கறாராக இருங்கள். பிள்ளை முரண்நகையை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் தன்மேல் விழும் அடியாகத்தான். மதிப்பெண் குறைந்தால் "மேதை வந்துவிட்டார்", மெதுவாகச் சாப்பிட்டால் "என்ன வேகம்!" என்று வீட்டிலேயே கேட்டுப் பழகியிருக்கிறது. பாட்டும் அதையே செய்தால் அந்தப் பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை. உடல் பருமன், நிறம், திக்குவாய், ஏழ்மை, படிப்பில் பின்தங்கியிருப்பது ஆகியவற்றை வைத்துப் புகழ்வதுபோலப் பழித்து எழுதினால், வகுப்பில் நாற்பது பேர் சிரிக்க ஒருவர் தலைகுனிவார். அந்த ஒருவருக்காக அந்தப் பாட்டைக் கிழித்துப் போடலாம், இலக்கியத்துக்கு நஷ்டமில்லை. அதிகாரம் உள்ளவர்கள், தற்பெருமைக்காரர்கள், பாசாங்குக்காரர்கள் இருக்கும்போது ஆளுக்குப் பஞ்சமா?

சந்தத்திலும் முரண்நகை செய்யலாம். இதைத்தான் நம் ஆட்கள் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள், தமிழ் யாப்போ இதற்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கிறது. பரணி பாடும் மிடுக்கில் ஓர் அற்ப விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள்:

மலைகள் நடுங்க, மண்ணதிர,
மாபெரும் வீரர் புறப்பட்டார்;
வலையில் சிலந்தி அசைந்ததுமே
"வழியை மாற்றுவோம்" என்றாரே!

முதல் இரண்டடியின் முழக்கத்தைக் காது வாங்கிக்கொண்டுவிட்டது. மூன்றாம் அடியில் சிலந்தி வரும்போதும் சந்தம் குறையவில்லை, அதே முழக்கத்தில் வீரர் பின்வாங்குகிறார். முழக்கத்துக்கும் செய்திக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சொற்பொருள் முழுதாகப் புரியாத மூன்று வயதுப் பிள்ளைகூட ஏதோ ஓர் அளவில் உணர்ந்து சிரிக்கிறது. எதுகையும் வேலை செய்கிறது. "மலை" என்று கேட்ட காது அடுத்து அதற்கு ஈடாகப் பெரிதாக ஒன்றை எதிர்பார்க்க, வருவது "வலை".

படம் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஓவியரோடு முன்பே பேசிவிடுங்கள். பாட்டு மறைப்பதைப் படம் காட்டலாம், அது அழகு. ஆனால் கடைசி அடியில் திறக்க வேண்டிய நுரையை முதல் பக்கத்துப் படத்திலேயே வரைந்துவிட்டால் பாட்டுக்கு வேலையில்லை. அல்லது வேண்டுமென்றே முதல் பக்கத்திலேயே வரையச் சொல்லிவிட்டு எட்டாவது அடியை எடுத்துவிடலாம். அப்போது குழந்தை முதலிலிருந்தே தெரிந்துகொண்டு பூனையின் பேச்சைக் கேட்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத வயதுக்கு இந்த இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்.

வாசித்துக் காட்டும்போது பெரியவர்கள் செய்யும் ஒரு தவறு கண் சிமிட்டிக்கொண்டே வாசிப்பது. பூனையின் பேச்சைப் பூனை எவ்வளவு மும்முரமாகச் சொல்கிறதோ அவ்வளவு மும்முரமாக வாசியுங்கள். முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் "புரிந்தது" என்றே சொல்லும். "அப்போ பாலை யார் குடித்திருப்பார்கள்?" என்று உண்மையாகவே தெரியாதவர்போலக் கேளுங்கள். "திருடன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் திருத்த வேண்டாம். அதற்கு இன்னும் வயது வரவில்லை, அல்லது உங்கள் நுரை போதுமான அளவு கண்ணில் படவில்லை. பல பிள்ளைகள் அப்படிச் சொன்னால் பாட்டைத் திருத்துங்கள்.

பதிப்பாளரோ பத்திரிகையோ நீதி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று நின்றால் சண்டை போட வேண்டியதில்லை. நீதியைச் சொல்லும் வேலையை அதற்குக் கொஞ்சமும் தகுதியில்லாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்:

நேர்மை பற்றி நரியாரும்
நெடிய பாடம் நடத்தினார்;
கூர்மை யாகக் கேட்டிருந்த
கோழிக் கூட்டம் குறைந்ததாம்!